அ கப்பெல்லா: தமிழில் என்ன சொல்லலாம்?

பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் மனிதக் குரலை மட்டும் வைத்துப் பாடுவதை உலகம் முழுக்க ‘அ கப்பெல்லா’ என்கிறார்கள். இத்தாலியச் சொல். தமிழில் ‘கருவியில்லா இசை’, ‘வாத்தியமற்ற பாடல்’ என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறோம். இவை போதாது. ஏன் போதாது என்று விளக்க, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து வந்த ‘ஸாப் மாமா’ குழுவையும் அதை நடத்தும் மரி டோல்னையும்விட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவர்களிடம் போவதற்கு முன் சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் ‘கப்பா’ என்றால் மேலாடை, போர்வை. ‘கப்பெல்லா’ அதன் குறுமை வடிவம்: சிறு போர்வை. 4ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து மார்ட்டின், ஆயராவதற்கு முன் போர்வீரராக இருந்த காலத்தில், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலாடையைப் பாதி கிழித்துக் கொடுத்தார் என்பது கிறித்தவ மரபு. மீதிப் பாதியைப் பிராங்க் அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்துவந்தார்கள். அது இருந்த இடமும் ‘கப்பெல்லா’ ஆயிற்று. அதைக் காத்த குருமார் ‘கப்பெல்லானி’ ஆனார்கள். பிறகு எந்தச் சிற்றாலயத்துக்கும் அதுவே பெயர். போர்த்துகீசியர் வழியாக மலையாளத்துக்கு வந்த ‘கப்பேள’ இதே சொல்தான். நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் சொந்தக்காரி.

ஆலயத்திலிருந்து ஆலயப் பாடகர் குழுவுக்குப் பெயர் நகர்ந்தது. ‘அ கப்பெல்லா’ என்றால் சொல்லளவில் ‘ஆலய முறையில்’ என்றுதான் பொருள்; கருவி இல்லை என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் எங்குமே கிடையாது. வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்தில் ஆர்கன்கூட இல்லாமல் பாடினார்கள் என்பது உண்மை. அதே 16ஆம் நூற்றாண்டில் வெனிஸின் புனித மாற்கு ஆலயத்திலோ கொம்பும் எக்காளமும் குரலோடு சேர்ந்தே ஒலித்தன. பழைய ஆலய இசை என்றாலே வெறுங்குரல்தான் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பட்டபோதுதான் இன்றைய பொருள் நிலைத்தது. ஜெர்மன் மொழியில் ‘கப்பெல்லே’ என்றால் இன்றும் வாத்தியக் குழு. ஒரே வேர், நேரெதிர்ப் பொருள்.

உச்சரிப்பில் ஒரு நுட்பம் உண்டு. தஸ்கனி, ரோம் பகுதி இத்தாலியர் பேசும்போது ‘அ’வுக்குப் பின் வரும் க-வை இரட்டித்து ‘அக்கப்பெல்லா’ என்றே சொல்வார்கள். ‘அ’வும் ‘காலமும்’ சேர்ந்தால் ‘அக்காலம்’ ஆகிறதே, அதே போன்ற ஒற்று மிகுதல். எழுத்தில் காட்டமாட்டார்கள், வாயில் கேட்கும். உள்ளே உள்ள ப்ப, ல்ல இரட்டிப்பும் நமக்கு இயல்பாக வரும். ஆங்கிலத்தார் ஒரு ப-வை விழுங்கி ஒரே சொல்லாக எழுதுவதைப் பார்த்து நாமும் ‘அகபெல்லா’ என்று எழுதத் தேவையில்லை.

இனி ஸாப் மாமா. இந்த ‘மாமா’ அம்மா என்ற பொருளில் வருவது. மரி டோல்ன் 1964இல் கொங்கோவின் வடகிழக்கில் உள்ள இசிரோவில் பிறந்தவர். பெல்ஜியரான தந்தை சிம்பா கிளர்ச்சியில் கொல்லப்பட, கொங்கோ நாட்டவரான தாய் குழந்தைகளோடு காட்டுவாழ் மக்களிடம் அடைக்கலம் புகுந்து, பிறகு பெல்ஜியம் வந்து சேர்ந்தார். மரி வளர்ந்ததெல்லாம் பெல்ஜியத்தில். வளர்ந்தபின் கொங்கோவுக்குத் திரும்பிப் போய்க் காட்டு மக்களின் பாட்டுமுறையைக் கற்றார். ஐந்து பெண்களோடு அமைந்த குழுவின் முதல் தொகுப்பு 1991இல் பிரஸ்ஸல்ஸின் கிராம்ட் டிஸ்க்ஸ் வெளியீடாக வந்தது. 1993இல் அமெரிக்க இசைஞர் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் நிறுவனம் அதை ‘அட்வென்சர்ஸ் இன் அஃப்ரோபியா 1’ என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டது. ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒட்டிய சொல் அது. தமிழில் ‘ஆப்பிரோப்பா’ என்றால் இன்னும் நன்றாகவே ஒட்டுகிறது.

அந்தத் தொகுப்பில் ஒரு பாட்டின் பெயர் ‘பாபன்ஸெலே’. அது மத்திய ஆப்பிரிக்காவில் ‘அக்கா’ எனப்படும் காட்டுவாழ் மக்களில் ஒரு பிரிவின் பெயர். அக்கா மக்களின் பல்லடுக்குப் பாட்டை யுனெஸ்கோ 2003இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. அதில் நான்கு குரல்நிலைகள் உண்டு, நான்குக்கும் அவர்கள் மொழியிலேயே பெயர் உண்டு. சொற்களைத் தாங்கிவரும் முதன்மைக் குரல் மொத்தாங்கோலே. நடுக்குரல் இங்குவே வா லெம்போ, அதாவது ‘பாட்டின் தாய்’. அதற்குக் கீழே ஒசேசே. எல்லாவற்றுக்கும் மேலே தியேயி. அது யோடல் முறையில் பாடப்படுவது. யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது பாடுபவர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளவும் செய்வார்.

யோடலை நம்மவர் சிலர் குலவை என்று மொழிபெயர்க்கிறார்கள். தவறு. குலவையில் வேலை செய்வது நாக்கு. குரல் ஒரே உயரத்தில் நிற்க, நாக்கு அசைந்து அதை நறுக்குகிறது. யோடலில் நாக்குக்கு வேலை இல்லை. நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்குக் குரல்வளை திடீரெனத் தாவுகிறது, அந்த முறிவை மறைக்காமல் காட்டுவதே அழகு. கீழ்ச்சுரத்தை ஆ, ஓ என்ற திறந்த உயிரிலும் மேல்சுரத்தை இ, உ என்ற குறுகிய உயிரிலும் எடுத்தால் தாவல் எளிது. இரண்டுக்கும் ஒரே உயிரை வைத்தால் தொண்டை இறுகும். கர்நாடக இசையில் பழகியவர்களுக்குப் பெரிய தடை வேறு: முறிவை மறைத்துக் கமகத்தால் இணைக்கவே அவர்கள் தொண்டை பழகியிருக்கும்.

ஐந்து பேர் கூடி இந்த முறையைச் செய்து பார்க்க ஒரு எளிய சட்டகம் இதோ. 12 துடிப்புகள் கொண்ட சுற்று. ஒரு சுற்றுக்கு 3 வினாடி. முதலாமவர் 1, 4, 7, 10ஆம் துடிப்புகளில் கீழ் ஸட்ஜத்தைத் தட்டிவிட்டு நிறுத்த வேண்டும். இரண்டாமவர் 3, 6, 9, 12இல் பஞ்சமம். மூன்றாமவர் 2, 8 ஆகிய இரண்டில் மட்டும் தலைக்குரல் தாவல். நான்காமவர் 5, 11இல் மூச்சோசை, வெறும் ‘ஹ்’. ஐந்தாமவர் இவை எல்லாவற்றின் மேலும் சொற்களோடு நீளப் பாடுவார். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் நுழையும் இந்த உத்திக்கு ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே வைத்த பெயர் ‘ஹொக்கே’, பிரெஞ்சில் விக்கல் என்று பொருள்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சுரத்தைத் துடிப்பைவிட நீட்டிப் பிடிப்பது. இடைவெளி அடைபட்டால் எல்லாம் குழைந்த சோறாகிவிடும். சுரத்தை எடுப்பதைப் போலவே வெட்டுவதையும் பழக வேண்டும். இரண்டாவது, வேகம் கூடிக்கொண்டே போவது. காத்திருப்பவர் தன் முறை தவறிவிடுமோ என்று ஒரு மயிரிழை முன்னால் நுழைகிறார், ஐந்து பேரின் மயிரிழையும் சேர்ந்துவிடுகிறது. 1, 4, 7, 10இல் எல்லாரும் கால் மாற்றி மிதித்தால் இது பெருமளவு நின்றுவிடும்.

சுருதி இறங்குவது இன்னொரு தொல்லை. மூச்சு தீரும் இடத்தில் அழுத்தம் குறைவதும், இறங்கும் சுரங்களை அகலமாகவும் ஏறும் சுரங்களைக் குறுகலாகவும் எடுப்பதும் வழக்கமான காரணங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் முதலாவது சரியாகும். ஆனால் எல்லாரும் சுத்தமாகப் பாடினாலும் சுருதி இறங்கும் ஒரு நிலை உண்டு. அடித்தளக் குரல் ச–த–ரி–ப–ச என்று போகும் மேற்கத்திய அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடைவெளியையும் காதுக்குச் சுத்தமாகச் சேர்த்தால், சுற்று முடிவில் வந்து சேரும் ஸட்ஜம் தொடங்கிய ஸட்ஜத்தைவிட 81க்கு 80 என்ற அளவில், சுமார் 22 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), தாழ்ந்திருக்கும். நம் இசை நூலோர் பிரமாண சுருதி என்று சொல்லும் அதே சிற்றிடைவெளி. ஐந்து சுற்று பாடினால் அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கிவிடும். ஆதார சுரம் நகராமல் சுற்றிச் சுற்றி வரும் பாட்டில் இந்தப் பொறி கிடையாது.

மேடையில் ஒலிவாங்கியும் ஒரு கருவிதான். உதட்டோசை ‘ப்’ நேராக ஒலிவாங்கியில் பட்டால் காற்று வெடிக்கும். வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பெண்குரலின் அடிப்பகுதி பெரும்பாலும் 165 முதல் 175 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும், ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டாலும் பாட்டுக்கு இழப்பில்லை. ஆணின் பாஸ் குரல் 82 வரை போகும். அதே வெட்டு அங்கே அடிக்குரலையே தின்றுவிடும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை ஒலிவாங்கியை உதட்டை ஒட்டிப் பிடித்தால் தாழ்வொலி தடிக்கும். பெண்கள் மட்டும் உள்ள குழுவில் அடித்தளக் குரல் பாடுபவருக்கு இது பெரிய துணை.

முதல் தொகுப்பில் ‘ப்ர்ர்ர்லாக்!’ என்றொரு பாட்டு உண்டு. தலைப்பே வாயோசை. உதடு அதிர்ந்து, நாக்கு சுண்டி, அண்ணம் தட்டி வரும் இந்த ஓசைகளைக் கொன்னக்கோலோடு ஒப்பிடத் தோன்றும். கொன்னக்கோல் ‘தகதிமி’ என்று அடியின் பெயரைச் சொல்கிறது. இங்கே வாய் அடியாகவே ஒலிக்கிறது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கேட்டால் அந்தத் தொகுப்பு முழுவதும் புதிதாகத் திறக்கும்.

1994இன் ‘சப்ஸில்மா’வில் மொராக்கோ, இந்தியா, ஆஸ்திரேலியா என்று ஓசைகள் விரிந்தன. ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. 1997இன் ‘செவன்’ பெரிய திருப்பம். கருவிகள் வந்தன, ஆண் இசைஞர்கள் வந்தார்கள், ஆங்கிலம் கூடியது. 1999இல் ‘அ மா ஸோன்’, 2004இல் ‘ஆன்செஸ்ட்ரி இன் ப்ரோக்ரெஸ்’. பின்னதில் பிலடெல்பியாவின் ஹிப்-ஹாப் குழுவான ரூட்ஸ் துணைநின்றது, ‘பாண்டி பாண்டி’ பாட்டில் அமெரிக்கப் பாடகி எரிக்கா பாடூ சேர்ந்து பாடினார். 2007இல் ‘சூப்பர்மூன்’, 2009இல் ‘ரீக்ரியேஷன்’, 2022இல் ‘ஒடிசே’. இன்றைய பொருளில் இவற்றில் பெரும்பாலானவை அ கப்பெல்லா கிடையாது. டிரம்ஸ் இருக்கிறது, பாஸ் கிட்டார் இருக்கிறது. ஆனாலும் பாட்டு மரியின் வாயிலிருந்தே பிறக்கிறது. குரல்களை அடுக்கித் தாளத்தை எழுப்பும் பழக்கம் போகவில்லை, கருவிகள் அந்த அடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

‘கருவியில்லா இசை’ என்ற பெயர் தடுமாறுவது இங்கேதான். ஸாப் மாமா 1991இல் செய்ததும் 2004இல் செய்ததும் தொடர்பில்லாத இரண்டு என்று அது சொல்லிவிடுகிறது. இல்லாததைச் சொல்லும் பெயர், இருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம்மிடம் தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் வாத்தியமில்லாமல் எத்தனையோ தலைமுறையாக இருந்தும் அதற்கென்று தனிப்பெயர் வைக்கவில்லை. அதுதான் இயல்புநிலை, குறையாக யாருக்கும் படவில்லை.

வேறு பெயர்களையும் பார்த்துவிடுவோம். ‘வாய்ப்பாட்டு’ நல்ல சொல், ஆனால் அது வயலினும் மிருதங்கமும் கூடிய கச்சேரிக்கு உரியதாகிவிட்டது. ‘தனிக்குரலிசை’ ஒருவர் மட்டும் பாடுவதாகப் பொருள் தரும். ‘பல்குரலிசை’ என்றால் பலகுரல் கலைஞர், நடிகர்களைப் போலப் பேசிக்காட்டுபவர், நினைவுக்கு வருவார்.

பழந்தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் (உலோகம்), மிடறு என ஐந்தாகப் பிரித்தது. தொண்டையும் ஒரு கருவி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ‘யாழும் குழலும் சீரும் மிடறும்’ என்று ஒரே வரிசையில் வைக்கிறது. அப்படிப் பார்த்தால் ‘கருவியில்லா’ என்பது நம் மரபுப்படியே பிழை. ஆகவே ‘மிடற்றிசை’. ‘ஒரு மிடறு தண்ணீர்’ என்ற வழக்கால் மிடறு இன்று விழுங்கும் அளவாக மட்டும் தெரியலாம். சிவனைக் கறைமிடற்றன் என்று சொல்லும்போது தொண்டை தெரிகிறது. பாடகர் குழுவுக்கு ‘மிடற்றிசைக் குழு’, பாட்டுக்கு ‘மிடற்றுப்பாடல்’. கருவிகள் சேர்ந்த பிற்காலத் தொகுப்புகளை ‘மிடற்றிசையை அடித்தளமாகக் கொண்டவை’ என்று எழுதலாம். தொடர்ச்சி அறுபடாது.

டிஜேக்கள் வழக்கில் ‘அகப்பெல்லா’வுக்கு வேறு பொருள் உண்டு. வாத்தியத்தோடு பதிந்த பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்த ஒலித்தடம் அது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து டெவாலே சகோதரர்கள், ‘2மெனிடிஜேஸ்’ என்ற பெயரில், 2002இல் வெளியிட்ட கலவைத் தொகுப்பில் ஒரு பாட்டின் குரலை இன்னொரு பாட்டின் இசைமேல் ஏற்றியது இந்த வகையில்தான். இங்கே மிடற்றிசை என்று எழுதக்கூடாது. அந்தக் குரல் வாத்தியத்தை நம்பியே பாடப்பட்டது, அடித்தளமும் தாளமும் அதற்குள் இல்லை. இதற்குக் ‘குரல்தடம்’ போதும்.