பழைய வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச்: முதலில் நியூட்ரலைத் தேடுங்கள்

கட்டி இருபது, முப்பது வருடம் ஆன வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்ட வேண்டும் என்றால் பலரும் முதலில் விசாரிப்பது எந்த பிராண்டு, எந்த ஆப், குரலுக்கு வேலை செய்யுமா என்பதைத்தான். இவற்றை எல்லாம் பிறகு முடிவு செய்யலாம். வாங்குவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவிட்ச் போர்டைக் கழற்றி, உள்ளே எத்தனை வயர் வந்திருக்கிறது, எதெது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். சுவரை உடைக்காமல் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை அந்த வயர்கள்தான் தீர்மானிக்கின்றன.

சாதாரண சுவிட்சின் வேலை எளிது. மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் பல்புக்குப் போகிறது. நடுவே தொடுப்பதும் பிரிப்பதும்தான் சுவிட்ச். அது இயங்க மின்சாரம் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் இருப்பதோ ஒரு சின்னக் கணினியும் ரேடியோவும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்தால்தான் உங்கள் கட்டளையைக் கேட்க முடியும். அதற்கு 230 வோல்ட்டின் இரு முனைகளும் வேண்டும்: ஃபேஸ், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல். ஃபேஸ் எப்படியும் அங்கே வந்தாக வேண்டும். நியூட்ரல் வந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஏனென்றால் அது நேராக பல்புக்கே போய்விடலாம்.

நம் ஊர் வீடுகளுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹாலிலும் படுக்கையறையிலும் சுவிட்ச் போர்டிலேயே ஒரு 5 ஆம்பியர் சாக்கெட்டும் வைப்பது இங்கே வழக்கம். சாக்கெட்டுக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது. ஆகவே அந்த போர்டுகளில் நியூட்ரலுக்கான கறுப்பு வயர் பெரும்பாலும் இருக்கும். சிக்கல் வருவது சாக்கெட் இல்லாத சிறு பெட்டிகளில்: குளியலறைக்கு வெளியே, மாடிப்படியில், கட்டிலுக்குப் பக்கத்தில். பிரிட்டனில் பழைய வீடுகளில் நியூட்ரல் கூரையில் விளக்கு தொங்கும் இடத்தோடு நின்றுவிடும். அமெரிக்காவில் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கும் நியூட்ரல் வர வேண்டும் என்பது தேசிய மின்விதியில் நுழைந்ததே 2011-ல்தான். அதனால்தான் வெளிநாட்டு வீடியோக்களில் இந்தப் பிரச்சினையை அவ்வளவு விரிவாகப் பேசுகிறார்கள்.

நியூட்ரலைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய வீடுகளில் வயரின் நிறத்தை நம்ப முடியாது. கையில் இருந்த சுருளை எடுத்து இழுத்திருப்பார்கள். சரி, டெஸ்டர் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும்: எரிந்தால் ஃபேஸ், எரியாவிட்டால் நியூட்ரல். ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது பல்புக்குப் போகும் வயரிலும் டெஸ்டர் எரியாது. அந்த வயர் பல்பு வழியாக நியூட்ரலோடு சேர்ந்திருப்பதுதான் காரணம். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஃபேஸிலும் மறு முனையை அந்த வயரிலும் வைத்தால் அதுவும் ஏறக்குறைய 230 வோல்ட் காட்டி ஏமாற்றும். பல்பைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும்: பல்புக்குப் போகும் வயரில் அந்த 230 நிலைக்காது, நிஜமான நியூட்ரலில் அப்படியே நிற்கும். உயிரோடு இருக்கும் வயரில் செய்யும் சோதனை இது என்பதால், பழக்கப்பட்ட கை மட்டுமே செய்ய வேண்டும்.

நியூட்ரல் இல்லாத பெட்டியில் சிலர் பச்சை வயரை, அதாவது எர்த்தை, நியூட்ரலுக்குப் பதிலாக இணைத்துவிடுகிறார்கள். மாட்யூல், அதாவது ஸ்மார்ட் சுவிட்சின் மின்னணுப் பகுதி, வேலையும் செய்யும். இதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். எர்த் லைன் எங்காவது அறுந்துபோனால், மாட்யூல் வழியாக வரும் மின்னழுத்தம் அதே எர்த்தில் இணைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடம்புக்கு வந்து நிற்கும். பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவதும் சில சமயம் வம்பாகும். ஆர்சிசிபி என்பது ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஒப்பிடும் கருவி. வீடுகளில் பொதுவாக வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒரு ஆர்சிசிபி-யின் ஃபேஸில் போன மின்சாரம் வேறொன்றின் நியூட்ரலில் திரும்பினால், விளக்கைப் போடும்போதெல்லாம் வீடு இருட்டாகலாம். இன்வெர்ட்டர் லைன் தனியாக ஓடும் வீடுகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நியூட்ரலே தேவையில்லை என்று சொல்லி விற்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் உண்டு. அவை எப்படி உயிர் வாழ்கின்றன என்பது இந்த விஷயத்திலேயே அழகான பகுதி. விளக்கு அணைந்திருக்கும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. அதைப் பயன்படுத்தி, பல்பின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓடவிட்டு, சுவிட்ச் தன் பசியைத் தீர்த்துக்கொள்கிறது. விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழ்: தொடுப்பு மூடியிருப்பதால் முனைகளுக்கு இடையே மின்னழுத்தமே இல்லை. அப்போது அது ஒரு தந்திரம் செய்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைக் கடக்கிறது. அப்படிக் கடக்கும் தருணங்களை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத சின்ன நேரத்துக்குப் பாதையைத் திறந்து, அந்த இடைவெளியில் எழும் மின்னழுத்தத்தில், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் தன் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொண்டு மறுபடி மூடிவிடுகிறது.

பழைய 60 வாட் குண்டு பல்பு அந்தச் சில மில்லி ஆம்பியர் கசிவைப் பொருட்படுத்தாது. இழை சூடாகக்கூட ஆகாது. எல்இடி அப்படி இல்லை. அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் டிரைவர் சர்க்யூட்டுக்குள் உள்ள கெப்பாசிட்டர், குழாய்க்கு அடியில் வைத்த குடம்போலச் சொட்டுச் சொட்டாக நிரம்பும். போதுமான அளவு சேர்ந்ததும் பல்பு ஒருமுறை மின்னும். மறுபடி நிரம்பத் தொடங்கும். இரவில் அணைத்த விளக்கு மினுக்மினுக்கென்று அடிப்பதற்குக் காரணம் இதுதான். பல்புக்கு இணையாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டரை வைத்தால் கசிவு அதன் வழியே போய்விடும். பல சுவிட்சுகளோடு அதையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் அதை மாட்ட வேண்டிய இடம் விளக்குப் பக்கம், சுவிட்ச் பெட்டிக்குள் அல்ல.

ஒரே விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கும் மாடிப்படி டூ-வே சுவிட்ச் பலரைப் பயமுறுத்துகிறது, தேவையில்லை. சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வகை மாட்யூல்களில் பழைய சுவிட்சுகளைச் சும்மா தகவல் சொல்லும் பொத்தான்களாக மாற்றிவிடலாம். அதற்கும் வழியில்லாத இடத்தில் இயக்க ஆற்றலில் ஓடும் ஒட்டு சுவிட்ச் இருக்கிறது. அழுத்தும்போது உள்ளே காந்தம் நகர்ந்து சுருளில் மின்சாரம் பிறக்கும், அந்த ஒரு துடிப்பிலேயே ரேடியோ செய்தி போய்விடும். பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை.

மாட்யூலுக்குள் உண்மையில் தொடுத்துப் பிரிப்பது ஒரு ரிலே. அதன் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தண்ணீர் மோட்டாரை அதில் மாட்டிவிடக் கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சில ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த வேகத்தில் ரிலேயின் தொடுப்புகள் உருகி ஒட்டிக்கொண்டால், ஆப்பில் அணைந்ததாகக் காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான வழி, மாட்யூல் ஒரு கான்டாக்டரின், அதாவது பெரிய சுமைக்கான கனமான ரிலேயின், காயிலை மட்டும் இயக்க, மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்குவது. கெப்பாசிட்டர் நிறைந்த எல்இடி விளக்குகள் பலவற்றை ஒரே ரிலேயில் கோர்த்தாலும், சின்ன அளவில் இதே ஆபத்து உண்டு.

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஃபேனுக்கு ஆகாது. டிம்மர் மின்னலையை அரிந்து கொடுக்கும், மோட்டார் ரீங்காரம் போடும். நல்ல ஃபேன் மாட்யூல்கள், ஸ்டெப் ரெகுலேட்டர்போலவே, கெப்பாசிட்டர்களைத் தொடரில் சேர்த்து வேகத்தைக் குறைக்கின்றன. மின்னணு முறையில் ஓடும், ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன் என்றால் அதற்கு முழு மின்சாரத்தையும் கொடுத்துவிட்டு, ரிமோட் வழியாகவே கட்டுப்படுத்த வேண்டும்.

அடுத்தது, கட்டளை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. 1975-ல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ், வீட்டுக் கருவிகளைத் தூரத்திலிருந்து இயக்கும் எக்ஸ்10 முறையை உருவாக்கியபோது, வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்வயரையே செய்திப் பாதையாக்கினார்கள். மின்னலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை ஏற்றி அனுப்புவார்கள். புது வயர் இழுக்க வேண்டாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் வரும் வீட்டில் ஒரு ஃபேஸில் ஏற்றிய செய்தி இன்னொரு ஃபேஸுக்குச் சரியாகத் தாவாது.

இன்று வேலை ரேடியோவில் நடக்கிறது. வைஃபை மாட்யூல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் கூரையும் அதைக் கணிசமாகத் தின்றுவிடும். பழைய வீடுகளில் சுவருக்குள் புதைத்த சுவிட்ச் பெட்டி இரும்பாக இருப்பது இன்னொரு தடை, ரேடியோவை அது முக்கால்வாசி அடைத்துவிடுகிறது. வைஃபைக்கு மாற்றான ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் ஒரு கருவி தன் செய்தியை அடுத்த கருவி வழியாகக் கடத்தும், அதனால் தூரம் பெரிய பிரச்சினையில்லை. ஆனால் அப்படிக் கடத்தி உதவுவது தடையின்றி மின்சாரம் கிடைக்கும் கருவிகள்தான். நியூட்ரல் இல்லாத ஜிக்பீ சுவிட்சுகள் பல, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பிறர் செய்தியைக் கடத்துவதில்லை. கூரை ஏறி அடுத்த மாடிக்குப் போக வேண்டிய இடத்தில் நியூட்ரல் உள்ள ஒரு கருவியாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரண்ட் போய் வந்ததும் விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பையும் முதல் நாளே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி எல்லா அறையிலும் விளக்கு எரியலாம். இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் கருவிகளையே நான் தேர்ந்தெடுப்பேன். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோது, ஆப்பை நம்பியிருந்த வீடுகள் தவித்தன. சுவரில் இருந்த பொத்தான்கள் மட்டும் வேலை செய்தன.

கடைசியாக மின்கட்டணம். ஒரு மாட்யூல் சும்மா விழித்திருக்க 1 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 15 மாட்யூல்களுக்கு 15 வாட். இரண்டு மாதத்தில் 1,440 மணி நேரம், ஆக 21.6 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஒரு விளக்கும் எரியாமலே போகிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் எரியும் ஸ்டோர் ரூம் எல்இடி-க்கு ஸ்மார்ட் சுவிட்ச் வைத்தால், விளக்கைவிட சுவிட்ச்தான் அதிகம் குடிக்கும். மேல்தொட்டி நிரம்பியதும் நிற்க வேண்டிய மோட்டார், மறந்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் கீசர், விடிந்த பிறகும் எரியும் வாசல் விளக்கு: இந்த மூன்றில் தொடங்கினால் போட்ட காசு கண்ணுக்குத் தெரியும். கீசருக்கு அதன் ஆம்பியரைத் தாங்கும் மாட்யூலோ கான்டாக்டரோ வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று இடங்களுக்கும் நியூட்ரலை அதிகம் தேட வேண்டியதும் இல்லை.