சிறு தகட்டின் அடியில் ஒரு சிவப்புக் கோடு

சிங்கப்பூரின் கிராஞ்சியில் குத்தகை முடிந்து காலி செய்யப்பட்ட ஒரு பண்ணையின் கொட்டகையிலிருந்து, என் நண்பரின் மகன் ஒரு பழைய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் பையன். அவனும் நண்பர்கள் மூவரும் மூடிய தடத்தில் ஓட்டுவதற்காக ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய வண்டி, பண்ணைக்காரர் முப்பது ஆண்டுகளுக்கு முன் பண்ணைக்குள் உர மூட்டை ஏற்றுவதற்காகத் தம் கையாலேயே செய்தது. மோட்டார் சைக்கிள் இன்ஜின், துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்களை வெல்டிங் செய்து உருவாக்கிய சட்டம், சதுரக் குழாயில் செய்த முன் அச்சு, ஏதோ ஒரு சிறிய வேனிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங்.

"மாமா, முன் அச்சும் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சேதமில்லாமல் இருக்கின்றன. முப்பது வருஷம் ஓடிய சாமான். அப்படியே எங்கள் காரில் மாட்டிவிடலாமா?" என்று கேட்டான்.

துவாஸ் கப்பல் பட்டறைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வெல்டிங் ஆய்வாளராக இருக்கிறேன். பிறர் பற்றவைத்த இடங்களில் விரிசல் தேடுவதுதான் என் வேலை. முப்பது வருஷம் ஓடியது என்பதை அந்தப் பையன் பலத்துக்குச் சாட்சியாகச் சொன்னான். எனக்கோ அதைக் கேட்டதும் கவலை வந்துவிட்டது.

கட்டுக் கம்பியை வெட்டக் குறடு இல்லாதபோது முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோம். முதல் வளைவில் ஒன்றும் ஆகாது. பத்தாவது வளைவில் கம்பி சூடாகும், இருபதாவதில் ஒடிந்துவிடும். பண்ணைப் பாதையின் ஒவ்வொரு குழியும் அந்த அச்சுக்கு ஒரு வளைவு. சுமை ஓர் அளவுக்குள் இருக்கும்வரை எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது, சின்ன அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். எஃகிலும்கூட வெல்டிங் செய்த இடத்தில் அந்தத் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்துவிடும். இத்தனைக்கும் வெளியே பளபளப்பான பெயின்ட் அப்படியே இருக்கும்.

அச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். நடுப்பகுதியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு, விளக்கு மாட்டுவதற்காகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பெயின்ட்டுக்கு மேல் மயிரிழைபோல் ஒரு பழுப்புக் கறை. பெயின்ட்டைத் தாண்டித் துரு கசிகிறது என்றால், அடியில் ஈரம் புகுவதற்கு ஒரு வழி இருக்கிறது.

பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி அந்த இடத்தை வெறும் உலோகமாக்கச் சொன்னேன். பையன் கிரைண்டரை எடுக்கப் போனான், தடுத்துவிட்டேன். கிரைண்டர் வைத்தாலோ மணல் வீச்சு அடித்தாலோ மேல்தோல் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு எந்தச் சாயமும் உள்ளே இறங்காது. நன்றாகச் சுத்தம் செய்து காயவைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் காத்திருந்தோம். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது; பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. மேலே உள்ள சாயத்தைத் துணியால் துடைத்தோம். அப்போது கரைப்பானை நேராக உலோகத்தின்மேல் அடித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப் போய்விடும். துணியை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். கடைசியாக, விரிசலுக்குள் தங்கிய சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பொடியைத் தெளித்தோம்.

தகட்டின் மூலையிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை.

என் பட்டறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லும் ஒரு விபத்தை அவனுக்கும் சொன்னேன். 1980 மார்ச் 27 அன்று வட கடலின் நார்வேப் பகுதியில், எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் எல். கீலண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். மேடையின் ஒரு காலைத் தாங்கிய குறுக்குக் குழாயில், நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவி ஒன்றை மாட்டுவதற்காகச் சிறிய தாங்கி ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். அது எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த வெல்டிங் 6 மில்லிமீட்டர்தான். அங்கேதான் விரிசல் தொடங்கியது. குழாய் அறுந்ததும் அந்தக் காலைப் பிடித்திருந்த மற்றக் குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கால் கழன்று விழுந்தது. பின்னர் ஆராய்ந்தபோது விரிசலின் உள்முகத்தில் பெயின்ட் இருந்ததைக் கண்டார்கள். அதாவது மேடைக்குப் பெயின்ட் அடித்த காலத்திலேயே அங்கே விரிசல் இருந்திருக்கிறது.

வீட்டில் செய்த வண்டிகளில் இப்படிப்பட்ட சின்னத் தாங்கிகள் ஏராளம். விளக்குக்கு ஒன்று, வயருக்கு ஒன்று, கொடிக் கம்புக்கு ஒன்று. தோன்றியபோதெல்லாம் வைத்த ஒட்டுகள் அவை. அந்தப் பண்ணைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூட்டை இழுக்கும் வண்டிக்கு அந்த அச்சு போதும். தம் வேலைக்கு ஏற்ற பொருளை அவர் செய்துகொண்டார். பிள்ளைகள் கட்டும் கார் அறுபதில் போகும். அதே எடைக்கு, வேகம் ஆறு மடங்கானால் ஆற்றல் 36 மடங்காகிறது.

பழைய வண்டியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன். ஓடும்போது இது உடைந்தால் வண்டி நின்றுபோகுமா, இல்லை நிறுத்தவோ திருப்பவோ முடியாமல் போகுமா? இன்ஜின் கெட்டால் வண்டி நிற்கும். அதனால் அந்த மோட்டார் சைக்கிள் இன்ஜினைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சங்கிலிச் சக்கரம், அளவுமானிகள், சுவிட்சுகள், இருக்கைத் தண்டவாளம் எல்லாம் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. அச்சு, ஸ்டீயரிங் கோல்கள், சக்கர மையம், பிரேக், இருக்கை வார், ஆக்சிலரேட்டர் கேபிள் ஆகியவை மறுபக்கம் போக வேண்டும். அவற்றை அளந்து வரைந்துகொள்ளுங்கள், மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். காரில் மாட்டாதீர்கள்.

சாயச் சோதனையில் கோடு வரவில்லையே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே சாயம் காட்டும். உள்ளே புதைந்த குறையும் குழாயின் உட்புறத் துருவும் அதற்குத் தெரியாது. இந்த வண்டியின் சட்டக் குழாய்களுக்கு முனை அடைப்பு இல்லை. மழைநீர் உள்ளே இறங்கித் தாழ்வான மூலையில் தேங்கியிருக்கிறது. ஒலி அலையால் சுவரின் தடிமனை அளக்கும் மீயொலித் தடிமமானியை வைத்துப் பார்த்தபோது மேலே 2.6 மில்லிமீட்டர் இருந்த சுவர், கீழ் மூலையில் 1.4 காட்டியது. கருவி இல்லாதவர்கள் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் சத்தம் மந்தமாகும் இடத்தில் சந்தேகப்படலாம். ஆனால் சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது.

போல்ட் விஷயத்தில் படித்த பிள்ளைகளே ஏமாறுகிறார்கள். பண்ணைக்காரர் பிற்பாடு மாற்றிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் வெள்ளிபோல் மின்னின. பையன் அவற்றைத் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தான். அவற்றின் தலையில் ஏ2-70 என்று இருந்தது. அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். 8.8 என்று பொறித்த சாதாரணக் கறுப்பு எஃகு போல்ட்டுக்கு 800. நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவில் இடைவெளி இன்னும் பெரிது: ஸ்டெயின்லெஸ் 450, எஃகு 640. தலையில் எந்தக் குறியும் இல்லாத போல்ட்டை ஸ்டீயரிங் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுங்கள், சில காசுகள்தான்.

பிரேக் திரவத்தையும் ரப்பர்க் குழாயையும் பற்றி யோசிக்கவே தேவையில்லை, எல்லாம் புதிதாக வேண்டும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பழைய ரப்பர்க் குழாய் உள்ளே வீங்கியிருந்தால், மிதிக்கும்போது திரவம் போகும், விட்டபின் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

பிரிக்கும் வேலையில் உயிருக்கு ஆபத்தானவை சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலிப் பெட்ரோல் தொட்டியை வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குப் பெட்ரோல் ஆவி கலந்தாலே வெடிக்கும். நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் பயங்கரம். பிரேக் சுத்தம் செய்யும் ஸ்பிரேயில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், அது உலராத இடத்தில் வெல்டிங் செய்யும்போது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்த அன்று மாலை குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருவதைப் பட்டறைத் தொழிலாளர்கள் அறிவார்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று இன்றும் நம்பும் தம்பிமார்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. பால் நுரையீரலுக்குள் போவதில்லை. பூச்சை நீக்கிவிட்டுப் பற்றவையுங்கள், புகை உறிஞ்சியும் தகுந்த சுவாசக் கவசமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஸ்டீயரிங்குக்கு எங்கே போவது? இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ பத்தாண்டுக்குத்தான். அது முடிந்ததும் புதுப்பிக்காத, நன்றாக ஓடும் கார்கள் பலவும் பதிவு நீக்கப்பட்டுப் பிரிக்கப்படுகின்றன. தொழிற்சாலையில் செய்த பாகத்துக்கு ஓர் எண் உண்டு. எந்த எடைக்கு, எந்த வேகத்துக்குச் செய்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். விபத்தில் சிக்காத காரிலிருந்து எடுத்ததா என்று விசாரித்து, சோதித்து வாங்கலாம். இப்படிக் கட்டிய காரைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவாகாத வாகனத்துக்கு அங்கே இடமில்லை.

போன சனிக்கிழமை அவர்களின் கொட்டகைக்குப் போயிருந்தேன். புதிய முன் அச்சு தயாராகியிருந்தது. பழைய அச்சைச் சிவப்புக் கோட்டோடு சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். புதியதில் வயரை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். குழாயைச் சுற்றி ரப்பர் வைத்த பட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். அச்சில் எங்கேயும் சின்னத் தகடு ஒன்றுகூடப் பற்றவைக்கப்படவில்லை.