சுருள்வில்லில் நனைந்த கிடார்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த, பாடகரே இல்லாத கிடார் இசைத்தட்டுகளைக் கேட்டால் கிடார் தண்ணீரில் நனைந்ததுபோல ஒலிக்கிறதே, அது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விடை சொல்லப் பொருத்தமான இசைத்தட்டு ‘பைப்லைன்’. கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து அமைத்த ‘தி சான்டேஸ்’ என்ற குழுவின் படைப்பு அது. பாப் ஸ்பிக்கார்டும் பிரையன் கார்மனும் சேர்ந்து எழுதிய அந்த இசை, 1963-இல் அமெரிக்கப் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம்வரை ஏறியது. அதன் பிறகு அக்குழுவுக்கு அப்படியொரு வெற்றி கிட்டவேயில்லை. ஹவாய்த் தீவுகளில் குழாய்போலச் சுருண்டு விழும் பேரலைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு கடற்கரைப் பகுதியின் பெயரே இசைக்கும் வைக்கப்பட்டது. இவ்வகை இசையையே அலைச்சறுக்கு இசை என்கிறார்கள்.

அந்த ஈரத்துக்குக் காரணம் சில மெல்லிய எஃகுச் சுருள்வில்கள். பெரிய மண்டபத்தில் கைதட்டினால், ஓசை சுவர்களில் மோதி ஆயிரம் சிறு எதிரொலிகளாகத் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து மெல்ல அடங்கும். இதை முழக்கம் என்கிறோம். கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் இது கிடைக்காது. தேவாலயத்தில் கேட்ட ஆர்கன் ஒலியை வீட்டிலும் எதிர்பார்த்த வாடிக்கையாளர்களுக்காக மின் ஆர்கனை உருவாக்கிய லாரன்ஸ் ஹேமண்ட் வழி தேடியபோது, பெல் தொலைபேசி ஆய்வகத்தின் பழைய கருவி ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. நெடுந்தொலைவுத் தொலைபேசி இணைப்பில் குரல் தாமதமாகிப் போய்ச் சேர்வதை ஆய்வகத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட சுருள்வில் அது. தொலைபேசிப் பொறியாளர் எவரும் அலைச்சறுக்கு இசையை மனத்தில் வைத்து அதைச் செய்திருக்க முடியாது. ஆய்வுக்கு நிதி கேட்பவரிடம் முதல் பக்கத்திலேயே பயனைப் பட்டியலிடச் சொல்லும் வழக்கம் தவறு என்று நான் உறுதியாக நம்புவதற்கு இத்தகைய வரலாறுகளே காரணம். ஹேமண்டின் கருவி பின்னர் சிறிய பெட்டியாகச் சுருங்க, கிடார்கள் தயாரித்துவந்த லியோ ஃபெண்டர் அதைக் கொண்டு 1961-இல் கிடாருக்கான தனி முழக்கப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பழைய கிடார்ப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றின் அடியில் இருந்த அத்தகைய தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தேன். பந்துமுனைப் பேனாவில் இருக்கும் ஸ்பிரிங்கின் அகலமே கொண்ட, ஆனால் ஒரு முழத்துக்குக் கிட்டத்தட்ட நீண்ட சுருள்வில்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று இணையாக, தளர்வாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் மிளகைவிடச் சிறிய காந்தம் இருந்தது. கிடாரின் மின்குறிகை ஒரு முனையிலுள்ள கம்பிச்சுற்றில் பாயும்போது அங்குள்ள காந்தம் இடமும் வலமுமாகத் திருகும். அந்த முறுக்கு வளையத்துக்கு வளையம் கைமாறி, சுமார் 30 முதல் 40 மில்லிவினாடியில் மறுமுனையை அடைந்து, அங்குள்ள காந்தத்தை அசைத்து மீண்டும் மின்சாரமாகும். காற்றில் ஒலி அதே நேரத்தில் பத்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சுருள் மிகவும் நெகிழ்வானது என்பதால்தான் அதில் அலை இவ்வளவு நிதானமாக நகர்கிறது. அலை முழுவதும் மறுமுனையோடு நின்றுவிடாமல் பெரும்பகுதி திரும்பி ஓடுவதால், ஒரே மீட்டலுக்கு எதிரொலிகள் அடுத்தடுத்து வந்துகொண்டேயிருக்கும்.

மண்டபத்து முழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் என்னைக் கவர்ந்தது. காற்றில் தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் ஒரே வேகத்தில் செல்லும்; சுருள்வில்லில் அப்படி அல்ல. அதில் தாழ்ந்த அதிர்வெண்கள் முந்திக்கொள்ள, உயர்ந்தவை பின்தங்கும். சுமார் 4,000 ஹெர்ட்ஸை நெருங்கும் அதிர்வெண்கள் மிகவும் தவங்கித் தவங்கி வரும். கண்ணாடிக்குள் நிறத்துக்கு நிறம் வேகம் மாறுவதால் முப்பட்டகத்தில் வெள்ளொளி பிரிகிறதே, அதே நிகழ்வு இங்கு ஒலிக்கு நேர்கிறது. கிடார்க் கம்பியை மீட்டுத்தகடு தொடும் கணத்தில் எழும் ‘டிக்’ என்ற ஓசையில் எல்லா அதிர்வெண்களும் ஒன்றாகவே கிளம்புகின்றன. மறுமுனையில் அவை வரிசையாக வந்து சேர்வதால், அந்த ‘டிக்’, கீழிருந்து மேலேறும் சிறு சீழ்க்கையாக, சொட்டு விழுந்ததுபோலக் கேட்கிறது. ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் பிரிவு கூடுவதால் இரண்டாவது எதிரொலி முதலாவதைவிட நீளும், மூன்றாவது அதைவிட நீளும்.

‘பைப்லைன்’ இசையின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். தடித்த கம்பியில் விரைந்து மீட்டியபடியே விரல் கீழ்நோக்கி வழுக்கி வருகிறது. கம்பியை உள்ளங்கையால் அமுக்கி மீட்டும்போது நீண்ட நாதம் அடங்கிவிட, மீட்டலின் ‘டிக்’ மட்டுமே மேலோங்கும். சுருள்வில் மிக அழகாகப் பிரித்துக் கொடுப்பதும் அந்த ஓசையைத்தான். அக்கால அலைச்சறுக்கு இசைக் கலைஞர்கள் இப்படி அமுக்கி மீட்டுவதை விரும்பியது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். பெட்டியின் இயல்புக்கு அவர்களது கை பழகியிருக்க வேண்டும்.

மண்டபத்தை உள்ளபடி காட்டுவதே நோக்கம் என்றால், இந்தப் பிரிவு ஒரு குறைபாடு. ஆனாலும் இன்று கணினியில் இசை அமைப்பவர்கள் அந்தக் குறைபாட்டையே தேடுகிறார்கள். அதைக் கணக்கால் உண்டாக்க, அதிர்வெண்களின் வலிமையை மாற்றாமல் தாமதத்தை மட்டும் மாற்றும் எண்ம (டிஜிட்டல்) வடிகட்டிகளை நூறு என்ற அளவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறார்கள். அந்த வேலை முழுவதையும் முழ நீளச் சுருள்வில் தொங்கியபடியே செய்துவிடுகிறது.