வீடு, பள்ளிக்கூடம், மதரஸா: பிள்ளையைப் பற்றி மூவரும் பேசிக்கொள்கிறோமா?

காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், சில நேரம் இளையான்குடியிலிருந்தும் வருவார்கள். அவர்களில் நம் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். பெரும்பாலும் நல்ல பெற்றோர். பிள்ளைக்காகக் கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டுகிறவர்கள், விடிவதற்கு முன்னால் எழுப்பி மதரஸாவுக்கு அனுப்புகிறவர்கள். ஆனாலும் ஒரு குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிள்ளையை வளர்க்கிற மூன்று இடங்களும், அதாவது வீடும் பள்ளிக்கூடமும் மதரஸாவும், ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. பேசினாலும் பிரச்சினை முற்றிய பிறகுதான் பேசுகின்றன.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாலாம் வகுப்பு. டைரி முழுக்கச் சிவப்பு மையில் "வாசிக்க மறுக்கிறான்", "அக்கறை இல்லை" என்று குறிப்புகள். அம்மா டைரியை என் மேசையில் வைத்துவிட்டு, "ஓதுறதுல கெட்டிக்காரன் மேடம். குர்ஆன்ல யாஸீன் அத்தியாயம் பாதி மனப்பாடம். பள்ளிக்கூடத்துலதான் என்னமோ சரியில்ல" என்றார். டீச்சரிடம் போனில் கேட்டேன். அவர் வீட்டின் மேல் குறைபட்டார்: "அத்தா வெளிநாட்டுல இருக்காரு. கண்டிக்க ஆளில்ல." இரண்டு பேருமே மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்ததை வைத்துப் பேசினார்கள்.

அம்மாவின் சம்மதத்தோடு, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்திடமும் பேசினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காதால கேட்டா டக்குன்னு பிடிச்சுக்குவான். ஆனா நடுவுல ஒரு வரியில விரலை வச்சு இதை ஓதுன்னா திணறுவான். பே, தே, ஸேன்னு புள்ளியில மட்டும் வித்தியாசப்படுற மூணு அரபி எழுத்துக்கும் புள்ளி மாத்தி மாத்திச் சொல்லுவான்." பிறகு தமிழ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, கொம்பு இடம் மாறியிருந்தது, ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியை விட்டுத் தாவியிருந்தான். அரபியில் எங்கே தடுக்கியதோ, தமிழிலும் கிட்டத்தட்ட அங்கேயேதான். கடைத்தெருவில் போர்டு படிக்கச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான் என்று அம்மா அப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னார்.

ஒரு மொழியில் மட்டும் வாசிக்கத் தடுமாறினால் கற்பித்த விதத்தில் குறை இருக்கலாம், பழக்கம் போதாமல் இருக்கலாம். கேட்டதை மறக்காத பிள்ளை, இரண்டு எழுத்து முறைகளிலும் தடுமாறினால் வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அப்புறம் முறையான மதிப்பீடு. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். இந்தப் பையனுக்குத் தேவையான தகவல் எல்லாமே ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது. டீச்சரிடம் ஒரு பங்கு, ஹஸ்ரத்திடம் ஒரு பங்கு, அம்மாவிடம் ஒரு பங்கு. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாததால் அவனுக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைத்தது, பிரம்படியும் கிடைத்தது.

டீச்சரோ ஹஸ்ரத்தோ பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னால் உடனே கோபப்படாதீர்கள். "மத்த இடத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அடுத்தது தூக்கம். "கவனம் இல்ல, முதல் பீரியட்லயே தூங்குறான்" என்று அனுப்பப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்பதைத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்பருவத்தில் 8 முதல் 10 மணி நேரம். நம் வீட்டுப் பிள்ளையின் நாளை எழுதிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுகிறது. சுபுஹு என்கிற அதிகாலைத் தொழுகை, ஆறிலிருந்து மதரஸா, எட்டு மணிக்கு ஸ்கூல் வேன், திரும்ப நாலரை, டியூஷன், மஃரிப் என்கிற அந்தித் தொழுகை, வீட்டுப்பாடம். இவ்வளவும் முடிந்தாலும் பிள்ளை தூங்காது. அத்தாவின் போனுக்காகக் காத்திருக்கும். கத்தாரிலோ சவூதியிலோ அவர் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே மணி பதினொன்றரை. பேசிவிட்டுப் படுத்தால் ஐந்தரை மணி நேரம்கூடத் தேறாது.

இதைச் சொன்னதும் சில பெற்றோர், "அப்ப மதரஸாவை நிறுத்திடவா?" என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஓதுவது அந்தப் பிள்ளையின் உரிமை. மாற்ற வேண்டியது போன் நேரத்தை. வளைகுடாவில் இருக்கும் அத்தா அங்கே சுபுஹு தொழுதுவிட்டுக் கூப்பிட்டால் இங்கே ஏழு மணி வாக்கில் இருக்கும். மதரஸா முடிந்து வந்து தலை சீவும் நேரம். பத்து நிமிடம் போதும். அப்படி மாற்றிக்கொண்ட வீடுகளில் வகுப்பில் தூங்குவது குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். தேர்வு வாரத்தில் மதரஸா நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த ஹஸ்ரத்தும் மறுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் தேர்வு அட்டவணையை அவரிடம் கொடுக்கிற பழக்கமே நம்மிடம் இல்லை.

ரமலானில் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிற மாதம் அது. கடந்த சில வருடங்களாகப் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே வருகிறது. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை என்றாலும், வீட்டில் எல்லோரும் பிடிக்கும்போது ஆசையாகப் பிடிக்கும். அன்றைக்குப் பி.டி. பீரியடில் வெயிலில் ஓடவிடாதீர்கள் என்று பள்ளிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டால் நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2024 ஏப்ரலில் ரம்ஜானை முன்னிட்டு 4 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு ஆண்டு இறுதித் தேர்வுத் தேதிகளையே பள்ளிக் கல்வித் துறை மாற்றியது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் யாரோ மதத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், அல்லது ஒரு ஆசிரியர் தொப்பியைப் பற்றியோ முக்காட்டைப் பற்றியோ ஏதோ சொல்லிவிடுகிறார். இப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து அழும். அடுத்த அரை மணி நேரத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். மறுநாள் பத்துப் பேர் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அந்தப் பிள்ளையோடு யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். ஆசிரியர்கள் எட்டியே நிற்பார்கள், கூட உட்கார்ந்த பையனும் இடம் மாறிவிடுவான். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் தனியாகிப் போவது பிள்ளைதான்.

என்ன நடந்தது என்று பிள்ளையிடம் நிதானமாகக் கேளுங்கள். தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. அடியோ அத்துமீறலோ என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே 1098க்குக் கூப்பிடுங்கள். பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை: "உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் அவர் அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்க மாட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளை செய்ததை மட்டும் பேசுங்கள்.

அம்மாக்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். எதைக் கேட்டாலும் "அவங்க அத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்கிறீர்கள். சிலர் வீடியோ காலைப் போட்டு டீச்சர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடிக்கிறீர்கள். ஆனால் பிள்ளை எப்போது சாப்பிட்டது, எதற்குப் பயப்படுகிறது என்று தினமும் பார்ப்பது நீங்கள்தானே? ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹ் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் அதே ஹதீஸில், கணவன் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பெண் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லியே வருகிறது. பேசுவதற்கான தகுதி உங்களுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நன்னியையோ, அதாவது பாட்டியையோ, மாமியையோ கூட்டிப் போங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு உடை சங்கடமாக இருக்கிறது என்பதையெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். இவை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வயதுக்கு வந்த பிறகு பெண்பிள்ளை படிப்பை நிறுத்துகிற வீடுகளில் கேட்டால், முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிதான். உடையையும் தாழ்ப்பாளையும் சரி செய்துகொள்ளலாம். நின்றுபோன படிப்பைத் திரும்பத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பெண்களே என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் அத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவுக்கு வரும்போது பெரும்பாலும் பெருநாளையோ கல்யாணத்தையோ வைத்துத்தான் டிக்கெட் போடுகிறீர்கள். அப்போது பாதி நாள் பள்ளிக்கூடமும் பூட்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது ஜூலை, ஆகஸ்ட் பக்கமாக வாருங்கள். புது வகுப்பு ஆசிரியருக்குப் பிள்ளையைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும், தேர்வு நெருக்கடியும் இருக்காது. முன்கூட்டியே நேரம் கேட்டு, மார்க்கைப் பற்றிப் பேசாமல், "என் பிள்ளை வகுப்புல யார் கூட உட்காருது, எப்ப சிரிக்குது, எதுக்கு முகம் சுண்டிப் போகுது?" என்று கேளுங்கள். அன்று சாயங்காலமே மதரஸாவுக்கும் போய் ஹஸ்ரத்திடமும் இதையே கேளுங்கள். இரண்டு பேர் சொன்னதையும் அன்றிரவு பிள்ளையின் அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.