பழைய சூப்பர்கார், புதிய சூப்பர்கார்: எச்சரிக்கை எதில் முதலில் வரும்?

"எஃப்40 வேகமா, இப்போது வரும் கார் வேகமா?" அதிவேகக் கார்களைப் பிரித்துப் பூட்டும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பதில் ஒரே வரிதான்: புதிய கார்தான் வேகம். ஃபெராரி எஃப்40 1987-இல் 478 குதிரைத்திறனோடு வந்தபோது, மணிக்கு 324 கி.மீ. என்பது வாயைப் பிளக்க வைத்த வேகம். இன்றைக்கு ரிமாக் நெவேரா போன்ற மின்சாரக் கார் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை இரண்டு விநாடிக்குள் தொட்டுவிடுகிறது. வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் பேச்சு இதோடு முடிந்தது.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. ஓட்டுபவர் ஒரு தப்புச் செய்தால் அதை யார் சுமப்பது? பழைய காரில் முழுச் சுமையும் அவர் தலையில்தான். புதிய காரில் சென்சார், கணினி, டயர் எல்லாம் சேர்ந்து பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன, அதுவும் அவருக்குத் தெரியாமலேயே. ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றில் ஏறுபவர்களின் கார்கள்தான் இழுவை வண்டியில் எங்களிடம் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் சிறுவயதிலிருந்து ஆசைப்பட்ட காரை வாங்கிய முதல் சில வாரங்களில்.

பொறியியல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. ஆண்டி வாலஸ் என்ற பந்தய ஓட்டுநர் 1998-இல் மெக்லாரன் எஃப்1 காரை ஜெர்மனியின் எரா-லெசியன் சோதனைப் பாதையில் ஓட்டி 386 கி.மீ. வேகத்தைப் பதிவு செய்தார். 2019-இல் அதே பாதையில் அதே மனிதர் புகாட்டி சிரோன் காரில் 490 கி.மீ. தொட்டார். ஆள் ஒன்று, பாதை ஒன்று, இடையில் 21 ஆண்டுகள். எஃப்1-இன் வி12 (12 சிலிண்டர்) இன்ஜின் தந்தது 627 குதிரைத்திறன். சிரோனின் 16 சிலிண்டர், நான்கு டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இன்ஜின் தந்தது ஏறக்குறைய 1,600.

வேகம் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது, சக்தியோ இரண்டரை மடங்கு. காற்று செய்யும் வேலை இது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி மும்மடியில் ஏறும். உடல் வடிவம் அப்படியே இருந்தாலும் 386-இலிருந்து 490-க்குப் போக இரண்டு மடங்கு சக்தி வேண்டும். மீதி எங்கே போயிற்று என்றால், அகலமான டயருக்கும், காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்கும், குளிர்விப்பதற்கும். பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் குதிரைத்திறனைத் தண்டுக்கு அனுப்பும்போது, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை வெப்பமாக வெளியே தள்ளுகிறது. 2005-இல் வந்த புகாட்டி வேரோனில் பத்து ரேடியேட்டர்கள் இருந்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் காற்று வேண்டும், உள்ளே நுழையும் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும். டயரும் லேசுப்பட்ட விஷயமில்லை. சிரோனின் சாதனை ஓட்டத்துக்குத் தயாரித்த டயர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே மாட்டினார்கள்.

எண்ணை மட்டும் படிப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அவர் பார்ப்பது 1,600 என்ற எண்ணை. அந்த 1,600 அவரை உயிரோடு வைத்திருப்பது பத்து ரேடியேட்டரும் நாலு டயரும் சரியாக இருக்கும்வரைதான்.

அப்புறம் பழைய கார்களுக்கு வருவோம். எனக்குப் பிடித்தவை இவைதான், அதனால்தான் கடுமையாகப் பேசுகிறேன்.

1966-இல் வந்த லம்போர்கினி மியூரா அழகில் இன்றும் தோற்காது. வி12 இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். ஆனால் பெட்ரோல் டேங்க் முன்பக்கம். அதிவேகத்தில் மூக்கு தூக்கும், டேங்க் காலியாகக் காலியாக இன்னும் தூக்கும். ஸ்டீயரிங் கையில் லேசாகிக்கொண்டே வந்தால் ஓட்டுபவர் அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும், வேறு யாரும் குறைக்க மாட்டார்கள். கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பெட்ரோல் தேங்கித் தீப்பிடித்த மியூராக்களும் நிறைய. கடைசிக் கார்கள் வரும்வரை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய். கியர் பல்லில் தேய்ந்த இரும்புத்தூள் இன்ஜின் பேரிங் பக்கம் போக வழி இருந்தது.

லம்போர்கினியின் அடுத்த காரான கவுன்டாக்கின் பின்னால் இருந்த பெரிய விங்கைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். உண்மையில் அதை மாட்டினால் டாப் ஸ்பீடு குறையும். போஸ்டருக்கு மட்டும் நன்றாக இருக்கும்.

எஃப்40-இல் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் கருவி) கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது, ஏர்பேக் கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்கும்வரை சாதாரணக் கார்போல இருக்கும். அதன் பிறகு இரண்டு டர்போவும் ஒன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளும். வளைவின் நடுவில் அந்தத் தள்ளல் வந்தால் பின் டயர் பிடியை விடும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பது இன்னும் மோசம். எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச அழுத்தமும் போய்விடும். 1975-இன் போர்ஷே 911 டர்போவுக்கு 'விதவையாக்கி' என்ற பட்டப்பெயர் வந்ததே இப்படித்தான். அதன் சக்தி வெறும் 260 குதிரைத்திறன்.

ஆனாலும் இந்தக் கார்கள் பேசும், அது அவற்றின் நல்ல குணம். டயர் பிடியை விடப்போவதற்கு வெகுமுன்பே ஸ்டீயரிங் நடுங்கும், இருக்கை வழியாக இடுப்புக்குச் செய்தி வரும், பெடல் கல்லாகும். கேட்கத் தெரிந்தவருக்கு 80 கி.மீ. வேகத்திலேயே எல்லாம் புரிந்துவிடும்.

புதிய கார் இந்தச் செய்திகளை வடிகட்டிவிடுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் விநாடிக்குப் பலமுறை அளந்து, ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, சக்கரத்தைச் சுழற்றும் விசையைக் குறைத்து, நமக்குத் தெரியாமலே காரை நேராக்கிவிடுகிறது. நெவேராவில் நான்கு மோட்டார்; சக்கரத்துக்குச் சக்கரம் தனிக்கணக்கு. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை, தெரியும்போது வேகம் மிக அதிகமாக இருக்கும். ஒன்றேகால் டன் கார் 200-இல் வழுக்குவதும் இரண்டு டன் கார் 300-இல் வழுக்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதன் இயக்க ஆற்றல் முதலாவதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். அதை எந்த மென்பொருளாலும் இல்லாமல் ஆக்க முடியாது.

பழையது, புதியது என்று கோடு போட்டுப் பிரிப்பதும் அவ்வளவு சுலபமில்லை. எஃப்40-க்கு ஓராண்டு முன்பே வந்த போர்ஷே 959-இல் நான்கு சக்கர இயக்கம், ஏபிஎஸ், வேகத்துக்கு ஏற்ப உயரத்தை மாற்றும் சஸ்பென்ஷன், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி எல்லாம் இருந்தன. பெரிய டர்போவால் வரும் தாமதத்தைக் குறைக்க இரண்டு டர்போவையும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வைத்தார்கள். இன்றைய சூப்பர்காரின் முன்னோடி எது என்று கேட்டால் நான் 959-ஐத்தான் காட்டுவேன். மறுபக்கம், மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரி சமீபத்தில் செய்த டி.50, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையோடு, 12,100 சுற்று வரை போகும் வி12, கையால் மாற்றும் கியர் என்று பழைய வழியிலேயே போகிறது. கூடவே பின்னால் 40 செ.மீ. விசிறி ஒன்று, காருக்கு அடியில் உள்ள காற்றை உறிஞ்சித் தரையோடு அழுத்த.

சரி, பராமரிப்பு. எங்கள் தொழிலில் பயப்பட வேண்டியது இதில்தான் அதிகம்.

பழைய காரில் முதல் எதிரி ரப்பர். கார் ஓடாமல் குளிர்சாதன அறையில் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் கால எரிபொருள் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். சூடான இன்ஜினுக்கு மேல் அந்தக் குழாய் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மெக்லாரன் எஃப்1, தொடக்ககால எஃப்40 போன்றவற்றில் பெட்ரோலே ரப்பர் பையில்தான் இருக்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு, முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். மக்னீசியம் சக்கரங்களில் மயிரிழை விரிசல் விழும், பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது.

டயருக்கு வருவோம். "பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) அப்படியே இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்காத உரிமையாளர் குறைவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இந்த எண்ணைப் பார்க்காமல் நான் எந்தக் காரையும் சோதனை ஓட்டத்துக்கு எடுப்பதில்லை. நடிகர் பால் வாக்கர் இறந்த 2013 விபத்தில் சிக்கியது 2005-ஆம் ஆண்டின் போர்ஷே கரேரா ஜிடி. அவர் பயணியாகத்தான் இருந்தார். அதிவேகமே காரணம் என்று விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். கூடவே, டயர்களுக்கு ஒன்பது வயது என்றும் குறிப்பிட்டார்கள். 612 குதிரைத்திறன், வழுக்கும்போது காரை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத கார், இறுகிப்போன ரப்பர். இவை மூன்றும் ஒன்றுசேரக் கூடாது. அதே கரேரா ஜிடியின் சஸ்பென்ஷன் இணைப்புகளில் விரிசல் வர வாய்ப்பு இருப்பதாகச் சொல்லி, சரிசெய்யும்வரை ஓட்டவே வேண்டாம் என்று 2023-இல் நிறுவனம் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இப்படிப் பழுதைச் சரிசெய்ய நிறுவனத்தின் அழைப்பு வந்ததா என்று உங்கள் காரின் சேஸி எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள், எந்தக் காராக இருந்தாலும்.

புதிய காருக்குப் பிரச்சினை வேறு மாதிரி. கார்பன் செராமிக் பிரேக் தட்டு பார்வைக்குத் தேயாது. கடும் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும், அதனால் பல தட்டுகளில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள். கழற்றித் தராசில் வைக்காமல் "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டாம். கார்பன் ஃபைபர் சேஸி அடி வாங்கினால் உலோகம்போல நெளிந்து காட்டாது. அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்கும், மேலே கீறல்கூட இருக்காது. மீயொலிச் சோதனை செய்த அறிக்கை இல்லாமல் விபத்துக்குள்ளான காரை வாங்குவது சூதாட்டம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். பல நூறு வோல்ட் அது, இணைப்பைத் துண்டித்த பிறகும் சில நிமிடங்கள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

இன்னொன்று, மின்னணுவியலும் கிழடாகும். மெக்லாரன் எஃப்1-இன் கணினியோடு பேச 1990-களின் காம்பாக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. தயாரித்த நிறுவனமே 2016 வாக்கிலும் அந்தப் பழைய மடிக்கணினிகளை வைத்துத்தான் வேலை பார்த்தது. அந்தக் காரில் இருந்த கணினிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்றைய ஹைப்பர்காரில் இருப்பவை அதைப்போலப் பல மடங்கு, ஒன்றோடு ஒன்று மென்பொருளால் பின்னப்பட்டவை. முப்பது ஆண்டு கழித்து அதற்கு உதிரிபாகம் யார் தருவார்? பழைய காரின் கார்புரேட்டரை இன்றும் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். பூட்டுப்போட்ட மென்பொருளை என்ன செய்வது?

புதியதில் பழகிவிட்டு முதல்முறையாகப் பழையதில் உட்காரப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் கால், பிரேக்கை ஓங்கி மிதித்தால் மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று பழகியிருக்கிறது. ஏபிஎஸ் இல்லாத காரில் அப்படி மிதித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் காரைத் திருப்பாது, ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரே போகும். சாலையில் இறங்குவதற்கு முன் மூடிய மைதானத்திலோ பந்தயப் பாதையிலோ, 60 கி.மீ. வேகத்தில் நேராகப் போய், சக்கரம் பூட்டும் இடம்வரை மிதித்து, உடனே கொஞ்சம் விட்டு, மறுபடி மிதித்துப் பழகுங்கள். பிரேக் சூடாகும் முன்பும் சூடான பின்பும் செய்து பாருங்கள், பெடல் வேறு வேறாக இருக்கும். அதன் பிறகு கியர் மாற்றிப் பழகலாம்.