பழைய பொருளை ஆன்லைனில் விற்றபின் 'டேமேஜ்' என்று புகார் வந்தால், சட்டப்படி யார் பொறுப்பு?

பழைய கேமராவையோ மானிட்டரையோ ஆன்லைனில் விற்றாயிற்று, பணம் வந்தாயிற்று, பார்சலும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஒரு மெசேஜ்: "உடைஞ்சு வந்திருக்கு, பணத்தைத் திருப்பிக் கொடுங்க." இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பயந்துபோய் உடனே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் நம்பரை பிளாக் செய்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். இந்தியாவில் இந்த மாதிரி விற்பனைக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், அதை வைத்துப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சேதம் எப்போது நடந்தது? விற்பதற்கு முன்பே இருந்ததா, வழியில் ஆனதா, வாங்கியவர் கைக்குப் போன பிறகு ஆனதா என்பதைப் பொறுத்து பதில் முற்றிலும் மாறும். (இலங்கையின் 1896 சட்டமும் மலேசியாவின் 1957 சட்டமும் இதே இங்கிலாந்து வேரிலிருந்து வந்தவைதான், அதனால் அங்கே இருப்பவர்களுக்கும் அடிப்படை ஏறக்குறைய இதுவே. ஆனால் கீழே வரும் பிரிவு எண்களும் நாள் கணக்கும் இந்தியச் சட்டத்துக்கு உரியவை.)

அதற்கு முன் நீங்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டில் சும்மா கிடந்த பொருளை விற்பவரும், பழைய போன்களை வாங்கி வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. ஆனால் அதே விதிகள், ஒரு தனிநபர் தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ இல்லாமல் சொந்த முறையில் செய்யும் எதற்கும் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகின்றன. ஆக, கடைக்காரருக்கு இருக்கும் 'ரிட்டர்ன்' கடமை உங்களுக்கு அப்படியே வராது. மாதத்துக்குப் பத்துப் பொருள் விற்றுக்கொண்டு 'நான் தனிநபர்தான்' என்று சொன்னால் அது எடுபடாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் இதே போக்கில்தான் இருக்கிறது. பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகவே உத்தரவாதம் தருகிறார் என்று பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்பவராக இருந்தால்தான் அந்த உத்தரவாதம் வரும். அதனால் நீங்கள் விற்ற பழைய லேப்டாப்பின் பேட்டரி மூன்று மாதத்தில் தளர்ந்துபோனால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

ஆனால் 15ஆம் பிரிவு எல்லோருக்கும் பொருந்தும், தனிநபருக்கும்தான். விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்துப்போக வேண்டும். 'கீறல் இல்லை', 'எல்லா பட்டனும் வேலை செய்கிறது', 'ஒரிஜினல் டிஸ்ப்ளே' என்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் உங்களைக் கட்டும். விளம்பரத்தில் ஆசையாக எழுதிவிட்டுப் பின்னால் 'பழைய பொருள்னா அப்படித்தான் இருக்கும்' என்று சொல்ல முடியாது. 'உள்ளபடியே விற்கப்படுகிறது, ரிட்டர்ன் கிடையாது' என்று எழுதி, வாங்குபவரும் அதற்குச் சம்மதித்து வாங்கியிருந்தால் அது செல்லும், 62ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த வரி பொய்யை மூடாது. லென்ஸுக்குள் பங்கஸ் இருப்பது தெரிந்தே, அது தெரியாத கோணமாகப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லும் மறைத்தல், அதாவது மோசடி. வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படிப்பட்ட குறை உண்மையிலேயே இருந்தது என்றால் வாதாடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயமும்.

சரி, வழியில் உடைந்தால்? அதிகச் சண்டை வருவது இங்கேதான், இரண்டு பக்கமும் தாங்கள் சொல்வதே சரி என்று நினைப்பதும் இங்கேதான். 'பார்சல் என் கைக்கு வரும்வரை விற்றவர் பொறுப்பு' என்று வாங்குபவர் நினைக்கிறார். பெரிய கடைகளிடம் வாங்கிப் பழகியதால் வந்த எண்ணம் அது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ ஆபத்தும், அதாவது சேதமானால் வரும் நஷ்டமும், அவரோடுதான் போகும். 'இந்தக் கேமராதான்' என்று ஒரு குறிப்பிட்ட பொருளைப் பேசி முடித்து, அது அனுப்பத் தயாரான நிலையிலும் இருந்தால் உரிமை பொதுவாக அப்போதே கைமாறிவிடும். 39ஆம் பிரிவு இன்னும் நேரடி: வாங்குபவருக்கு அனுப்புவதற்காகக் கூரியரிடம் ஒப்படைப்பது, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளப்படும்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ எனக்குக் கவலையில்லை' என்று நினைத்துவிட வேண்டாம், ஏனென்றால் அதே பிரிவின் அடுத்த வரி உங்கள் பக்கம் திரும்புகிறது. பொருளின் தன்மைக்குத் தகுந்த நியாயமான ஏற்பாட்டை விற்பவர்தான் கூரியரோடு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுப் பொருள் உடைந்தால், கூரியரிடம் கொடுத்ததைத் தன்னிடம் கொடுத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம், இல்லை நஷ்டஈடு கேட்கலாம். கண்ணாடித் திரை உள்ள பொருளை, உடையும் பொருள் என்று சொல்லாமல், மதிப்பும் குறிப்பிடாமல் இருப்பதிலேயே மலிவான சேவையில் அனுப்பினால் இந்த வரியில் மாட்டுவீர்கள். பேக்கிங்கும் அப்படித்தான். ஒற்றைச் சுற்று பபிள் ராப்பில் போன மானிட்டர் உடைந்தால் கூரியரைக் காட்டித் தப்பிக்க முடியாது. இன்னொன்று, பேச்சுவாக்கில் 'பத்திரமா உங்க வீடு வந்து சேர்றது என் பொறுப்பு' என்று சாட்டில் எழுதியிருந்தீர்கள் என்றால், மேலே சொன்ன 'வேறு விதமாகப் பேசிக்கொள்வது' அதுதான். அப்புறம் ஆபத்து உங்களுடையது.

வழியில் உடைந்தது உறுதியானால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டுக் கூரியரைப் பிடிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் உள்ளடக்கியது. பொருள் தொலைந்ததற்கோ சேதமானதற்கோ அவர்கள் மேல் வழக்குப் போட வேண்டுமானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரி ஆன நாளிலிருந்து இல்லை, புக் செய்த நாளிலிருந்து. பொருளின் மதிப்பை ரசீதில் அறிவிக்காவிட்டால் அவர்களின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு, பல நேரம் அது பொருளின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. புக் செய்தவர் நீங்கள், ரசீதும் உங்களிடம்தான் இருக்கிறது, ஆகவே வாங்கியவரைத் தனியாக அலைய விடாமல் நீங்களே புகாரைப் பதிவு செய்யுங்கள். அஞ்சல் துறை அரசு என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே விலையுயர்ந்த பொருளை அனுப்பினால் இன்ஷூர் செய்து அனுப்புவதுதான் வழி.

மூன்றாவது, கைக்குப் போன பிறகு ஆன சேதம். இதற்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் வாங்கியவருக்கு, பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான காலம் தாண்டியும் எதுவும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாலோ, தன் சொந்தப் பொருள்போல நடந்துகொண்டாலோ, ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்கிறது 42ஆம் பிரிவு. எத்தனை நாள் என்று சட்டம் எண் போடவில்லை, பொருளைப் பொறுத்தது. மூடி திறந்ததும் தெரிகிற விரிசலைப் பற்றி மூன்று வாரம் கழித்துச் சொன்னால் அதை நம்ப வைப்பது அவருக்குக் கஷ்டம்.

இதற்கெல்லாம் மேலே, விற்ற தளத்தின் நிபந்தனைகள் இருக்கின்றன. பணத்தைத் தன்னிடம் நிறுத்தி வைத்து, வாங்கியவர் புகார் சொன்னால் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லும் தளங்கள் உண்டு, கணக்குத் தொடங்கும்போது நீங்கள் அதற்கு ஒப்புக்கொண்டிருப்பீர்கள். தளத்தின் முடிவு தவறு என்று பட்டால் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன.

இப்போது அந்த முதல் மெசேஜுக்கு வருவோம். பதில் போடுங்கள், மரியாதையாக, ஆனால் எதையும் ஒப்புக்கொள்ளாமல். 'படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பெட்டியையும் பேக்கிங்கையும் தூக்கிப் போட வேண்டாம்' என்றால் போதும். சேதத்தின் படம், பெட்டியின் எல்லாப் பக்கமும், உள்ளே வைத்த பேக்கிங், லேபிள், சீரியல் எண், பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் அதுவும் கேளுங்கள். சீரியல் எண்ணை விட்டுவிடாதீர்கள். தன்னிடம் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் அதே மாடலின் படத்தை அனுப்பி ரீஃபண்ட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேக் செய்வதற்கு முன் பொருள் ஓடுவதை, சீரியல் எண் தெரிய, ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் கேட்பார்கள், அசல் போனில் இருப்பது நல்லது. 'ரீஃபண்டுக்கு இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று வந்தால் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

நியாயமான புகார் என்றால், முழுப் பணமா, ஒரு பகுதியா என்று பேசி முடிக்கலாம். குறையோடு பொருளை அவரே வைத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது பல நேரம் இருவருக்கும் நல்லது. முழுப் பணம் என்றால், பொருள் திரும்பி வந்து சீரியல் எண்ணைப் பார்த்த பிறகு கொடுங்கள். புகார் நியாயமாக இருந்தால் திரும்ப அனுப்பும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், நிராகரித்த பொருளைத் தூக்கி வந்து தரும் கடமை வாங்கியவருக்கு இல்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. எப்படி முடித்தாலும் 'இதோடு இந்த விற்பனை பற்றிய எல்லாக் கோரிக்கையும் முடிந்தது' என்று அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசித் தீராமல் நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள், அவ்வளவுதான். நான் வணிகர் அல்ல, சொந்தப் பொருளை ஒரு தடவை விற்ற தனிநபர் என்ற வாதம் இருந்தால் அதையும் அந்தப் பதிலிலேயே எழுத வேண்டும், விளம்பரத்தின் நகலையும் கூரியர் ரசீதையும் சேர்த்து.