உதடு அசையும், குரல் வராது: உள்ளூர் டிவி செய்திக்கு உருவம் வந்த கதை

1960களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் உள்ளூர் டிவி செய்தி என்றால், பெரும்பாலும் ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து வாசிப்பதுதான். 1965இல் பிலடெல்பியாவின் கேஒய்டபிள்யூ நிலையத்தில் அல் பிரிமோ ‘ஐவிட்னஸ் நியூஸ்’ தொடங்கி, செய்தி சேகரித்த நிருபரையே திரைக்குக் கொண்டுவந்தார். 1968இல் அதே பாணி நியூயார்க் போனது. வாசிப்பவர்கள் நடுநடுவே ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பது அங்கே பிரபலமானது. 1970இல் பிலடெல்பியாவிலேயே போட்டிக்கு வந்த ‘ஆக்‌ஷன் நியூஸ்’, செய்திகளைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, வேகமாக ஓட்டியது.

இதெல்லாம் ஆட்களின் யோசனை. ஆனால் திரையில் நாம் பார்ப்பதில் பாதி, கருவிகள் போட்ட கட்டளை என்றே நினைக்கிறேன்.

அன்று படம்பிடித்தது 16 மி.மீ. பிலிமில். ஒலி அதன் ஓரத்துக் காந்தப் பட்டையில் பதிவாகும். லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று நகரும். ஒலிக்கோ அது சீராக ஓட வேண்டும். அதனால் ஒலிப்பதிவு முனையைத் தள்ளித்தான் வைக்க முடியும். விளைவு, ஒலி தன் படத்தைவிட 28 பிரேம் முன்னால் இருக்கும். நொடிக்கு 24 பிரேம் என்பதால், இது ஒரு நொடிக்குச் சற்று மேல். பேட்டியில் வேண்டிய வாக்கியத்தின் ஒலி தொடங்கும் இடத்தில் வெட்டினால், முதல் ஒரு நொடி பேசுபவரின் உதடு வெட்டியெறிந்த வாக்கியத்துக்கு அசையும், குரல் இருக்காது. பார்க்கக் கண்றாவி! அதை மறைக்க இரண்டாவது புரொஜெக்டரில் கூட்டம், கட்டடம், கார் என்று வேறு காட்சிகளை ஓட்டினார்கள். அதுதான் பி-ரோல். 28 பிரேம் தொல்லை போய் எத்தனையோ வருடமாகியும் பழக்கம் போகவில்லை.

அப்புறம் வீடியோ வந்தது. 1974இல் செயின்ட் லூயிஸின் கேஎம்ஓஎக்ஸ் நிலையம் பிலிமை முழுக்கக் கைவிட்டது. பிலிமைக் கழுவிக் காத்திருக்கும் வேலை போனதோடு, படத்தை மைக்ரோவேவ் அலையில் நிலையத்துக்கு அனுப்பும் வண்டியும் சேர்ந்ததால் நேரலை சுலபமானது. அந்த அலைகள் நேர்கோட்டில் போவதால், நடுவே கட்டடம் நின்றால் சிக்னல் கெடும். வண்டிக் கூரையிலிருந்து உயரக் கம்பம் எழும்புவது அதற்காகத்தான். காசு போட்டு வாங்கிய வண்டி சும்மா நிற்கலாமா? எப்போதோ பூட்டிய நீதிமன்றத்தின் வாசலில் இரவு 11 மணிக்கு நிருபர் நேரலையில் நிற்பார்.

இப்போது முதுகுப் பை போதும். அதிலுள்ள கருவி வீடியோவைத் துண்டு துண்டாக்கிப் பல சிம் கார்டுகள் வழியே அனுப்பும். நிலையத்தில் அவற்றை வரிசையாகக் கோக்கிறார்கள். பிந்தி வரும் துண்டுக்காகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஸ்டுடியோவில் கேள்வி கேட்ட பிறகும் நிருபர் ஓரிரு நொடி விழித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.